மலையுச்சி ரிப்பீட்டரைக் கழற்றுவதற்கு முன்

மலையுச்சி அறையின் சாவியும் மின் இணைப்பும் எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கின்றனவோ, அந்த அலுவலகத்தின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

அறையில் இயங்கும் இரண்டு மீட்டர் அலைப்பட்டை ஹாம் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி) ரிப்பீட்டரை, அதாவது தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை வாங்கி அதே நேரத்தில் பலமாகத் திரும்ப அனுப்பும் கருவியை, மாத இறுதிக்குள் கழற்றி எடுத்துக்கொள்ளுமாறு தங்கள் கடிதம் கூறுகிறது. அதில் மூன்று காரணங்கள் உள்ளன. எட்டு கிலோமீட்டருக்கு மேல் ரிப்பீட்டர் பயன்படவில்லை. இரவுதோறும் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது. கைபேசியில் வாக்கி டாக்கி செயலி வந்துவிட்டதால் இனி இது தேவையில்லை. ஒப்பந்ததாரரின் ஆய்வறிக்கையும் கடிதத்தோடு வந்திருக்கிறது. அதை வரி விடாமல் படித்தோம். தங்கள் ஊழியர் முன்னிலையில் அறையையும் பார்த்தோம். இந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை. முதல் இரண்டு காரணங்களும் ஆறு மாதத்துக்கு முன் அதே அறையில் நடந்த "மேம்பாட்டு" வேலையால் வந்தவை. மூன்றாவது காரணத்துக்கு 2023 டிசம்பர் வெள்ளம் பதில் சொல்லிவிட்டது.

எங்கள் முந்தைய மனுக்களுக்குப் பதில் வரவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கும் அதிக நாள் இல்லை. பாபநாசத்திலிருந்து முக்காணி வரை தாமிரபரணி ஆற்றங்கரையில் இருப்பவர்களையும் தொடுகிற விஷயம் என்பதால் பொதுவில் எழுதுகிறோம்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ரிப்பீட்டரின் குரல் திசையன்விளை வரை தெளிவாகக் கேட்டதாம். ஆனால் மலையடிவாரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தாண்டிய பிறகு கைக்கருவியை (கையடக்க ரேடியோவை) அழுத்திப் பேசினால் ரிப்பீட்டர் திறக்கவில்லையாம். இதை எழுதியவர் அடுத்த வரியிலேயே "வீச்சு 8 கி.மீ." என்று முடித்துவிட்டார். ரிப்பீட்டர் வேலை தெரிந்த யாரும் முந்தைய வரியைத் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள். பேசுவது அறுபது கிலோமீட்டருக்குப் போகிறது, கேட்பது மட்டும் எட்டில் நின்றுவிடுகிறது என்றால் ரிசீவர் செவிடாகியிருக்கிறது என்று பொருள். இந்தத் துறையில் இதற்கு டீசென்ஸ் என்று பெயர்.

கைக்கருவி சின்னது, அதனால்தான் எட்டவில்லை என்று ஒப்பந்ததாரர் சொல்லக்கூடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைக்கருவி 5 வாட். அறிக்கையின்படி ஆன்டெனா கேபிளுக்குப் போவது 28 வாட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏழரை டெசிபெல் (பத்து டெசிபெல் என்றால் ஆற்றலில் பத்து மடங்கு). அறுபது கிலோமீட்டர் எட்டாகச் சுருங்க, தடையே இல்லாத வெளியில்கூடப் பதினேழு டெசிபெல்லுக்கு மேல் இழக்க வேண்டும். அந்த மிச்சப் பத்து எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. சோதனையை ஜீப்பின் உள்ளே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். தகரக் கூட்டுக்குள் கைக்கருவியின் குட்டை ஆன்டெனா பாதி ஊமை. அதற்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

மலையின் உயரம் குறையவில்லை. சமவெளியிலிருந்து 800 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் சுமார் 116 கிலோமீட்டர். (உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும்.) கையில் பிடித்த கருவிக்கு 5 கிலோமீட்டர். அதனால்தான் இரண்டு கைக்கருவிகள் நேருக்கு நேர் பேசினால், பனங்காடும் வீடுகளும் நடுவே நிற்கும்போது மூன்று நான்கு கிலோமீட்டரில் குரல் அறுந்துவிடுகிறது. அதே கருவிகள் இந்த மலை வழியாகப் பேசினால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், உவரி எல்லாம் ஒரே சபையில் வந்து சேரும். இந்த உயரம் வேறு எங்கும் காசு கொடுத்து வாங்கக் கிடைக்காது.

ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில், கேட்கவும் பேசவும் வேண்டும். இரண்டு அலைவரிசைகளுக்கும் நடுவே 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வெளியே போவது 25 வாட், அதாவது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). உள்ளே வரும் மெல்லிய சமிக்ஞை கால் மைக்ரோவோல்ட், மைனஸ் 119 டிபிஎம். இரண்டுக்கும் 163 டெசிபெல் வித்தியாசம். ஆனித் தேரோட்டத்தன்று கூம்பு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றுகொண்டு, ரத வீதியின் மறுமுனையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கச் சொல்வது போன்ற வேலை இது. அதைச் சாத்தியமாக்குவது சுவரோரம் நிற்கும் ஆறு அலுமினிய உருளைகள். டூப்ளெக்சர். அனுப்பும் பக்கம் மூன்று உருளை (கேவிட்டி), வாங்கும் பக்கம் மூன்று. அனுப்பும் பக்கத்து மூன்றும், டிரான்ஸ்மிட்டரிலிருந்து வழியும் இரைச்சலை ரிசீவரின் அலைவரிசையில் வெட்டுகின்றன. வாங்கும் பக்கத்து மூன்றும் டிரான்ஸ்மிட்டரின் முழு ஆற்றல் ரிசீவருக்குள் புகாமல் தடுக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் 85 முதல் 90 டெசிபெல் வரை வெட்ட வேண்டும். ஐந்து டெசிபெல் குறைந்தாலே தொலைவிலிருந்து பேசுகிறவர் காணாமல் போவார்.

இந்த உருளைகளின் தலையில் உள்ள கம்பிகளை யாரோ திருகியிருக்கிறார்கள். பூட்டு நட்டுகளில் புதிய ஸ்பேனர்க் கீறல் இருக்கிறது, இரண்டு நட்டு இறுக்கப்படாமலே விடப்பட்டிருக்கின்றன. எப்படி நடந்திருக்கும் என்பது தெரிந்த கதைதான். பவர் மீட்டரை மாட்டி, முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே கம்பியை நிறுத்துவது. பவர் மீட்டருக்குத் தெரிவது கேவிட்டி எவ்வளவு விடுகிறது என்பது மட்டுமே. எவ்வளவு தடுக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தடுக்கும் பள்ளம் மிகக் குறுகியது. கம்பி இம்மி நகர்ந்தால் கடந்து போகும் ஆற்றலில் கால் டெசிபெல்கூட மாறாது, தடுப்பிலோ இருபது டெசிபெல் போய்விடும். இருபது டெசிபெல் என்றால் நூறு மடங்கு. வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று 5 வாட்டில் கூப்பிடுகிறவரின் குரல், ரிப்பீட்டருக்கு 50 மில்லிவாட்டாகத் தெரியும்.

இதைத் திரும்பச் சரிசெய்யப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். டிராக்கிங் ஜெனரேட்டர் உள்ள ஸ்பெக்ட்ரம் அனலைசர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சட்டைப்பையில் அடங்கும் நானோ விஎன்ஏ என்ற அளவுக் கருவி போதும், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். இந்த அலைவரிசையில் அது ஏறக்குறைய 70 டெசிபெல் ஆழம் வரைதான் பார்க்கும். மூன்று கேவிட்டியையும் சேர்த்து மாட்டி 90 டெசிபெல்லை அதில் அளக்கப் பார்த்தால் கருவியின் சொந்த இரைச்சலைத்தான் படிப்போம். ஒவ்வொன்றாகக் கழற்றி, 50 ஓம் முனையில் வைத்து, ஒன்றுக்கு 25 முதல் 30 டெசிபெல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் கடத்தும் அலைவரிசை, பிறகு தடுக்கும் அலைவரிசை, பிறகு மறுபடி முதலாவது. ஒன்றைத் திருகினால் மற்றது சற்று நகரும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வேண்டியிருக்கும். நட்டை இறுக்கும்போதும் அது நகரும். இறுக்கிய பின் மீண்டும் அளக்காவிட்டால் செய்த வேலை வீண். கேவிட்டிகளை இணைக்கும் குட்டைக் கேபிள்களின் நீளம் கணக்குப் போட்டு வெட்டியது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிற வேறு துண்டை அங்கே மாட்டக் கூடாது.

கேபிள்தான் அடுத்த கோளாறு. டூப்ளெக்சரிலிருந்து ரேடியோக்களுக்குப் போன ஆர்ஜி-214 இரட்டை வலை ஜம்பர்களை (குட்டை இணைப்புக் கேபிள்களை) எடுத்துவிட்டு ஆர்ஜி-58 மாட்டியிருக்கிறார்கள். ஒற்றை வலைப் பின்னல், பிஎல்-259 முனை, அதற்கு மேல் ஒரு அடாப்டர். பேச மட்டும், அல்லது கேட்க மட்டும் பயன்படும் நிலையத்தில் இது பெரிய குற்றமில்லை. ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கிற இடத்தில், ஒற்றை வலையின் இடுக்குகள் வழியே ஒழுகும் ஆற்றல் டூப்ளெக்சரைச் சுற்றிக்கொண்டு நேராக ரிசீவருக்குள் போய்விடும். கேவிட்டியில் 90 டெசிபெல் கட்டி, ஜம்பரில் அதைத் தொலைத்த கதை.

கோபுரத்தில் ஏறும் பிரதானக் கேபிளையும் மாற்றி, அதை அறிக்கை மேம்பாடாகவே குறிப்பிடுகிறது. பழைய அரை இன்ச் ஹீலியாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது எல்எம்ஆர்-400 வகை. இழப்பு மட்டும் பார்த்தால் இது மோசமான கேபிள் இல்லை, முப்பது மீட்டருக்கு ஒன்றரை டெசிபெல்தான். ஆனால் உள்ளே அலுமினியத் தாளும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் ஒன்றின் மேல் ஒன்றாக உரசிக்கொண்டு இருக்கின்றன. ரிப்பீட்டர் பேசும்போது அந்த உரசல் புள்ளி ஒவ்வொன்றும் இரைச்சல் உண்டாக்கும். புதிதாக இருக்கும்போது தெரியாது. ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று எப்படி அடிக்கும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது மீட்டர் கேபிள் இரண்டு மாதம் கோபுரத்தில் ஆடினால் அதற்குப் பிறகு அதில் வருவது கரகரப்புதான். ஒரே ஆன்டெனாவில் இரட்டை வேலை செய்யும் நிலையங்களுக்கு இந்த வகைக் கேபிள் ஆகாது என்பது ரிப்பீட்டர் பராமரிப்பவர்கள் எல்லோரும் அறிந்த பாடம். குழாய் போன்ற முழுச் செம்பு உறை கொண்ட ஹீலியாக்ஸ்தான் இங்கே வேண்டும், ஒரு மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வீதம் இறுக்கிக் கட்டியதாக.

கழற்றிய பழைய ஹீலியாக்ஸ் அறையின் பின்புறம் சுருட்டிக் கிடக்கிறது. உறை உடையவில்லை. முனைகளை வெட்டிவிட்டுப் புது என் டைப் கனெக்டர் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

"எஸ்டபிள்யூஆர் 1.3, ஆகவே ஆன்டெனா, கேபிள் நலம்" என்று அறிக்கை சான்று தருகிறது. ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று சொல்லும் அந்த எண் மேலே சொன்ன எந்தக் கோளாறையும் காட்டாது. கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் திரும்பி வரும் ஆற்றல் வழியிலேயே கரைந்து, மீட்டரில் இன்னும் அழகான எண் வரும். இப்போது போட்டிருக்கும் மேல் முனையில் வெறும் பிவிசி டேப் சுற்றியிருக்கிறது. ஒரு கார்த்திகை மழைக்கு அது தாங்காது. இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை முதலில், அதன் மேல் வெயிலுக்குக் காப்பாகப் பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். சுவர் ஓட்டைக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு முறை கீழே தொங்கி ஏற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் வந்துவிடும்.

ஆன்டெனாவுக்கும் ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. நான்கு மடிப்பு டைபோல் கொண்ட தொகுப்பு கோபுரத்தின் உச்சியில் இருந்தது. கண்காணிப்புக் கேமராவுக்கும் அதன் இணைப்புத் தட்டுக்கும் இடம் வேண்டும் என்று அதை நான்கு மீட்டர் இறக்கியிருக்கிறீர்கள். இறக்கியதைவிடப் பெரிய கெடுதி, கேமராவின் நெட்வொர்க் கேபிள் டைபோல்களை உரசிக்கொண்டு போவது. அந்தக் கேபிள் இரண்டு மீட்டர் அலைப்பட்டையில் இரைச்சல் கக்கும். கேமராவை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு ரிசீவரைக் கேளுங்கள், வித்தியாசம் காதுக்கே தெரியும். கேமரா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு உச்சி தேவையில்லை, ரிப்பீட்டருக்குத் தேவை.

இனி பேட்டரி. அது இரவில் தீர்ந்துபோவது உண்மை. ஏன் தீர்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ரிப்பீட்டர் எந்தச் சத்தத்துக்கும் திறந்துவிடாமல் இருக்க 88.5 ஹெர்ட்ஸ் டோன் வைக்கப்பட்டிருந்தது. அந்த டோனோடு வரும் குரலுக்கு மட்டும் கதவு திறக்கும். "சிலருக்குத் திறக்கவில்லை" என்ற புகாருக்காக ஒப்பந்ததாரர் டோனை எடுத்துவிட்டார். அந்தச் சிலருக்குத் திறக்காததன் காரணம் அவர்கள் கருவியில் டோன் அமைக்கப்படாதது, கைக்கருவியின் மெனுவில் அரை நிமிட வேலை. அதே வாரத்தில் மின்மாற்றி வைத்த பழைய பவர் சப்ளையையும் எடுத்து, மலிவான எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். சூரியப் பலகைக்கு எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர். இரண்டும் வேகமாக வெட்டி வெட்டி மின்சாரத்தை மாற்றுபவை. வடிகட்டி இல்லாவிட்டால் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சீறல் எழுப்பும். அந்தச் சீறல் ஸ்க்வெல்ச்சை (சமிக்ஞை இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் கதவை) திறக்கிறது, டோன் காவல் இல்லாததால் டிரான்ஸ்மிட்டர் இயங்குகிறது. யாரும் பேசாமலே ரிப்பீட்டர் இரவு முழுக்க வெறும் காற்றை ஒலிபரப்புகிறது. மூன்று நிமிட டைமர் வெட்டினாலும் அடுத்த கணமே மறுபடி திறக்கும்.

இதற்கு மேல் ஆற்றலையும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அறையில் இருப்பது வாகனத்தில் பொருத்தும் 45 வாட் ரேடியோ இரண்டு. ஒன்று கேட்க, ஒன்று பேச, நடுவே ஒரு கன்ட்ரோலர். இப்படிப்பட்ட ரேடியோ அவ்வப்போது சில நொடி பேசுவதற்காகச் செய்யப்பட்டது. ரிப்பீட்டராக உழைக்க வேண்டுமானால் ஆற்றலைப் பாதியாக்கி, ஹீட் சிங்க் மேல் ஃபேன் வைக்க வேண்டும். ஆகவே அது 25 வாட்டில் வைக்கப்பட்டிருந்தது. டூப்ளெக்சரில் ஒன்றரை டெசிபெல் போனால் கேபிளுக்கு 18 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வர வேண்டும். அறிக்கையில் 28 என்றிருப்பதால் ரேடியோ 40 வாட்டில் ஓடுகிறது. 25-லிருந்து 40-க்கு ஏற்றியதால் கிடைத்த லாபம் இரண்டு டெசிபெல், கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. நஷ்டம் பெரிது. ரேடியோ கை வைக்க முடியாதபடி சுடுகிறது, ரிசீவரின் மேல் விழும் இரைச்சலும் அதே அளவு கூடுகிறது, பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் போகிறது.

150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 75-ஐப் பத்தால் வகுத்தால் ஏழரை மணி நேரம். மாலை ஆறரைக்குச் சூரியன் போனால் பின்னிரவு இரண்டு மணிக்குக் கதை முடிந்தது. தங்கள் கடிதம் சொல்லும் நேரமும் அதுவே.

டோனும் பழைய ஆற்றலும் திரும்பினால் கணக்கு இப்படி மாறும். பேசும்போது 7 ஆம்பியர், சும்மா இருக்கும்போது 0.6. நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு நடந்தால் ஒரு நாளைக்கு 45 ஆம்பியர்-மணி. இருக்கிற பேட்டரியே தாராளம். வெள்ளம் வந்து, நேரத்தில் அறுபது சதவீதம் பேச்சு ஓடினால் 107 வரை போகும். அப்போது ஆற்றலை 10 வாட்டுக்குக் குறைக்கலாம். அதற்குச் சுமார் 4 ஆம்பியர்தான் என்பதால் நாளொன்றுக்கு 63-இல் நிற்கும். இழப்பது நான்கே டெசிபெல், இந்த உயரத்தில் அது பொருட்டே இல்லை. மூன்று நாள் சூரியன் தலைகாட்டாவிட்டாலும் 190. மழை மூட்டத்தில் பலகை தன் மதிப்பில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தரும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 250 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இதைத் தாங்கும். அதை வாங்கும்போது சார்ஜ் கன்ட்ரோலரின் அமைப்பையும் மாற்ற வேண்டும். ஈயப் பேட்டரிக்கு வைத்த மின்னழுத்தத்தை அப்படியே விட்டால் புதுப் பேட்டரி வீணாகும்.

குரல் சிலருக்கு வெடித்தும் சிலருக்கு மந்தமாகவும் கேட்பதாகவும் அறிக்கை சொல்கிறது. கேட்கும் ரேடியோவின் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒலியை எடுத்திருக்கிறார்கள், வால்யூம் குமிழை யார் தொட்டாலும் மாறும். பின்பக்க இணைப்பில் உள்ள டிஸ்கிரிமினேட்டர் ஒலியை (வால்யூம் குமிழுக்கு முந்தைய ஒலியை) எடுத்து, டீ-எம்ஃபசிஸ் (உயர் சுருதிகளைத் தணிப்பது) ஒரே இடத்தில் மட்டும் நடக்கும்படி கன்ட்ரோலரை அமைத்து, டீவியேஷன் (குரலுக்கேற்ப அலைவரிசை அசையும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் வைத்தால் அந்தப் புகாரும் போகும். அரை நாள் வேலை.

செயலி பற்றி. அமைதியான நாட்களில் அது நன்றாகவே வேலை செய்யும், எங்களிலும் பலர் பயன்படுத்துகிறோம். ஆனால் வண்ணார்பேட்டையில் நிற்பவர் கொக்கிரகுளத்தில் நிற்பவரோடு செயலியில் பேசினால், அந்தக் குரல் கைபேசிக் கோபுரத்துக்குப் போய், கண்ணாடியிழைக் கேபிளில் வேறு ஊரிலுள்ள சர்வருக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். கோபுரத்து மின்சாரம், கேபிள் போகும் பாலம், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் சாலை என்று அந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் இவை எல்லாமே ஒன்றாக அறுந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, மூலைக்கரைப்பட்டியில் 60-க்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. பல ஊர்களில் மின்சாரமும் கைபேசியும் சேர்ந்தே போயின. எந்தத் தெருவில் எத்தனை பேர் மாடியில் இருக்கிறார்கள் என்று சொல்ல வழியில்லாமல் மக்கள் தவித்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். காரையாறு அணைக்கு மேலே இருக்கும் காணிக் குடியிருப்புகளுக்கும், மாஞ்சோலைக்கு அப்பால் நாலுமுக்கு, ஊத்து போன்ற இடங்களுக்கும் மழைக்காலத்தில் வழி அடைபடுவது ஆண்டுதோறும் நடப்பது. ரிப்பீட்டருக்கு வேண்டியது ஒரு பேட்டரி, ஒரு ஆன்டெனா, ஒரு உயரம். அது வேறு எந்த ஊரையும் நம்பி இல்லை. செயலிக்காக இதைக் கழற்றுவது, இரண்டு வழி இருக்கும்போது வெள்ளத்தில் மூழ்காத வழியை அடைப்பதாகும்.

இன்னொன்று, இது மின்னல் பற்றியது, அவசரமானது. கழற்றும் முடிவு எதுவானாலும் இதைச் சரிசெய்தாக வேண்டும், ஏனென்றால் தங்கள் சொந்தக் கருவிகளும் அதே அறையில்தான் இருக்கின்றன. கோபுரத்தின் எர்த் பாறையில் வெட்டிய ஒரு குழியில் உப்பும் கரியும் போட்டு முடிந்திருக்கிறது. மழையில் உப்பு கரைந்து போய், கம்பியையும் அரித்துவிட்டது. பாறையில் ஆழக் கம்பி இறக்க முடியாது. அதற்குப் பதில் 25 மில்லிமீட்டர் அகலச் செம்புப் பட்டைகளைக் கோபுரக் காலிலிருந்து நான்கு திசையிலும் பாறைமேல் படர விட்டு, மண் கிடைக்கும் இடங்களில் பென்டோனைட் களிமண் இட்டுப் புதைத்து, அறையைச் சுற்றி ஒரு வளையமாக இணைக்க வேண்டும். அளந்தால் பத்து ஓமுக்குக் கீழே வர வேண்டும், ஐந்து என்றால் நிம்மதி. எல்லாக் கேபிளும் சுவரில் ஒரே செம்புத் தகடு வழியே, மின்னல் தடுப்பான் அரெஸ்டரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். இப்போது ரிப்பீட்டர் கேபிளுக்கு மட்டும் அரெஸ்டர் இருக்கிறது. கேமராக் கேபிள் ஜன்னல் வழியாகக் காப்பே இல்லாமல் நுழைகிறது. ஐப்பசி இடி அந்த ஜன்னலைத்தான் தேடி வரும்.

எங்கள் வேண்டுகோள்கள் இவை.

கழற்றும் உத்தரவை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, அதாவது டிசம்பர் இறுதி வரை நிறுத்திவையுங்கள். மழை தொடங்கும் முன், வானம் வெளுத்திருக்கும் அடுத்தடுத்த இரண்டு பகல்களுக்கு அறையையும் கோபுரத்தையும் திறந்து கொடுத்து, சோதனைச் சாவடி அனுமதியையும் தங்கள் அலுவலகமே பெற்றுத் தாருங்கள். டூப்ளெக்சரைச் சரிசெய்வது, ஜம்பர்கள், பழைய ஹீலியாக்ஸை ஏற்றுவது, டோன், ஒலி அமைப்பு எல்லாவற்றையும் நாங்கள் செய்கிறோம். கருவியும் கையுழைப்பும் எங்களுடையவை. கூலி வேண்டாம்.

தாங்கள் செய்ய வேண்டியவை: கேமராவை டைபோல்களுக்குக் கீழே மூன்று மீட்டராவது இறக்கி, ஆன்டெனாவுக்கு உச்சியைத் திருப்பித் தருவது. மின்மாற்றிப் பவர் சப்ளையை மீண்டும் வைப்பது. எர்த் வேலை. பேட்டரி. நிதி இந்த ஆண்டு பேட்டரிக்கு எட்டாவிட்டால் எர்த்தை மட்டுமாவது தள்ளிப்போடாதீர்கள்.

டூப்ளெக்சரையும் ரேடியோவின் ஆற்றல் அமைப்பையும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இனி யாரும் தொடக் கூடாது என்று உத்தரவிடுங்கள். அறையில் ஒரு பதிவேடு வையுங்கள். யார் வந்தார், எதை மாற்றினார், மாற்றும் முன்னும் பின்னும் என்ன அளவு என்று மூன்று பத்தி போதும். அந்தப் பதிவேடு இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

வேலை முடிந்ததும் தங்கள் பொறியாளர் முன்னிலையில் சோதனை நடக்கட்டும். முதலில் ஆன்டெனாவுக்குப் பதில் ஆற்றலை வெப்பமாக விழுங்கும் டம்மி லோடு மாட்டி, மெல்லிய சமிக்ஞை ஒன்றை உள்ளே விட்டு, டிரான்ஸ்மிட்டரை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். இரைச்சல் கூடாவிட்டால் டூப்ளெக்சரும் ஜம்பர்களும் சரி. பிறகு ஆன்டெனாவோடு அதே சோதனை. இப்போது மட்டும் கூடினால் கோளாறு கோபுரத்தில் இருக்கிறது. அந்த மெல்லிய சமிக்ஞையைத் தரும் சிக்னல் ஜெனரேட்டர் கிடைக்காவிட்டால், கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் கைக்கருவியைக் குறைந்த ஆற்றலில் அழுத்திப் பேசிக்கொண்டே இருக்கட்டும். அறையில் ரிசீவரின் ஸ்பீக்கரைத் திறந்துவைத்து, டிரான்ஸ்மிட்டரை இயக்கும் பிடிடி கம்பியைக் கழற்றி மாட்டினால் உண்மை எல்லோர் காதுக்கும் தெரியும். அதன் பின் முக்கூடல், களக்காடு, வள்ளியூர், திசையன்விளை, உவரி ஆகிய ஐந்து இடங்களிலிருந்து, வண்டிக்கு வெளியே நின்று, 5 வாட் கைக்கருவியில் பேசிப் பார்ப்போம். ஐந்தில் நான்கிலாவது பேச்சு புரியாவிட்டால் நாங்களே ரிப்பீட்டரைக் கழற்றி, அறையைக் கூட்டிச் சுத்தம் செய்து சாவியை ஒப்படைக்கிறோம்.

இந்த மடல் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அனுமதி என்றால் எந்த நாள், யார் சாவியோடு வருவார் என்பதைக் குறிப்பிடுங்கள். மறுப்பு என்றால் எந்த அளவீட்டின் பேரில் மறுக்கிறீர்கள் என்பதையும், அந்த அளவீட்டை எடுத்தவரின் கையொப்பத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி, தென்காசி வட்டார ஹாம் வானொலி உரிமம் பெற்றோர்